சோளத் தோகை என்று சொன்னேன்

மதுரையில் ஒரு கண் மருத்துவமனையில் என் பெயரில் ஒரு கோப்பு இருக்கிறது. ஏழு மாதத்தில் அது செங்கல் கனத்துக்கு வந்துவிட்டது. அதன் முதல் பக்கத்தில், நோய் வந்த விதம் என்ற இடத்தில், தோட்டத்தில் மக்காச்சோளத் தோகை வலது கண்ணில் அடித்ததாக எழுதியிருக்கிறது. அது பொய். அந்தப் பொய்யை முதலில் சொன்னவள் நான். இன்று என் வலது கண்ணுக்கு வெளிச்சமும் நிழலும் தவிர வேறு எதுவும் தெரியாமல் போனதற்கு அந்த ஒரு வரியும் பாதிக் காரணம்.

இப்போது வலி அடங்கியிருக்கிறது. மறுபடி எப்போது கிளம்பும் என்று தெரியாது. அதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். கலர் லென்ஸ் வாங்கி வீட்டுக்குத் தெரியாமல் பீரோவில் ஒளித்து வைத்திருக்கும் ஒருத்தி படித்தால்கூடப் போதும்.

கோம்பைக்கும் பண்ணைப்புரத்துக்கும் நடுவில் எங்கள் ஊர். போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் எனக்கு வேலை. மலையிலிருந்து வரும் மூட்டைகளில் கைப்பிடி எடுத்து, வாசலோர மேசையில் பகல் வெளிச்சத்தில் பரப்பி, பச்சை நல்ல பச்சையா, வெளிறியதா, மஞ்சள் ஓடியதா என்று பார்த்துத் தரம் சொல்ல வேண்டும். "நெறம் பாக்க இந்தப் புள்ளைய விட்டா ஆளு கெடையாது" என்று முதலாளி வியாபாரிகளிடம் சொல்வார். எனக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. அப்படிப்பட்டவளுக்குத் தன் கண்ணின் கறுப்பு மட்டும் போதவில்லை.

தேனி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஃபேன்ஸி ஸ்டோர். வளையல், கிளிப், நகப்பூச்சு இவற்றோடு கண்ணாடி அலமாரியில் லென்ஸ் டப்பாக்களும் இருந்தன. நீலம், பச்சை, சாம்பல், தேன் நிறம். கடையில் நின்ற பெண் ஒரு டப்பாவை என் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ஒங்க கலருக்குத் தேன் கலருதான்க்கா எடுப்பா இருக்கும்."

"பவர் இல்லாதவுகளும் போடலாமா?"

"பவர் இல்லாட்டித்தான்க்கா ஈசி. ஒரு வருசம் வரைக்கும் போட்டுக்கலாம்."

டப்பாவின் மேல் இருந்த எழுத்து என்ன மொழி என்றுகூட எனக்குத் தெரியாது. கூடவே விரல் நீளத்துக்கு ஒரு திரவப் பாட்டில் கொடுத்தாள். ரவிக்கை தைக்கக் கொடுத்தால் நான்கு இடத்தில் அளவெடுத்தாளா என்று நின்று பார்ப்பவள் நான். கருவிழிக்கும் வளைவு உண்டு, அகலம் உண்டு, பவர் இல்லாத கண்ணுக்கும் அளவு பார்த்துத்தான் லென்ஸ் தர வேண்டும் என்பதெல்லாம் பிறகு மருத்துவர் சொல்லித் தெரிந்துகொண்டவை. அன்றைக்கு நான் கேட்ட ஒரே கேள்வி, ஃபோட்டோவில் நன்றாகத் தெரியுமா என்பதுதான்.

சித்திரையில் எங்கள் ஊர் அம்மன் கோயில் திருவிழா. அந்த வருடம் அது எங்கள் வீட்டுக்குக் கூடுதல் விசேஷம். கிணற்றுத் தண்ணீர் முறை பற்றிய சண்டையில் ஏழு வருடம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த அத்தை, தன் குடும்பத்தோடு வந்து எங்கள் வீட்டில் தங்கினார். அத்தை மகன் கதிரேசன் கம்பம் மெட்டு வழியாகத் தோட்டத் தொழிலாளர்களைக் கேரளாவுக்கு ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டுபவன். ஆவணியில் எங்கள் இருவருக்கும் பேசி முடிக்கலாம் என்று பெரியவர்கள் காதும் காதும் வைத்தாற்போல் பேசிக்கொண்டிருந்தார்கள். அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

மூன்றாம் நாள் மஞ்சள் நீராட்டு. எங்கள் பக்கத்தில் அன்றைக்கு முறைக்காரர்கள் ஒருவர் மேல் ஒருவர் மஞ்சள் தண்ணீர் ஊற்றலாம். மாமன், மச்சான், அத்தை மகன், கொழுந்தியாள் யாரும் தப்ப முடியாது, யாரும் கோபிக்கவும் கூடாது. தெருக்குழாயில் பிடித்த தண்ணீரைப் பிளாஸ்டிக் பேரலில் நிரப்பி, மஞ்சளைக் கரைத்து, வேப்பிலையைப் போட்டுக் காலையிலிருந்தே வைத்திருந்தார்கள். நான் தேன் நிறக் கண்களோடு வாசலில் நின்றேன். கதிரேசன் ஒரு குடத்தை நேராக முகத்தில் ஊற்றினான். கண் எரிந்தது. ஆனாலும் சிரித்தேன். ஊரே சிரித்தது.

உள்ளே போய் லென்ஸைக் கழற்றினால் ஓரமெல்லாம் மஞ்சள் ஏறியிருந்தது. திரவப் பாட்டிலோ முதல் நாளே காலி. குழாய்த் தண்ணீரில் நன்றாக அலசி, டப்பாவிலும் அதே தண்ணீரை ஊற்றி, லென்ஸை ஊறப்போட்டேன். சுத்தமான பெண் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். மறுநாள் அத்தை வீட்டாருக்கு விருந்து. அதே லென்ஸை மறுபடி போட்டுக்கொண்டு பரிமாறினேன். சாப்பாடு முடிந்த அசதியில் அதோடேயே இரண்டு மணி நேரம் தூங்கியும் விட்டேன்.

விருந்து முடிந்த நான்காம் நாள் வலது கண் சிவந்தது. அப்பாவுக்குத் தோட்டத்தில் ஒன்றரை ஏக்கர் மக்காச்சோளம், கதிர் பிடிக்கிற பருவத்தில் நின்றது. முந்தின நாள் அவருக்குச் சோறு கொண்டு போனபோது அதற்குள் நடந்துதான் போயிருந்தேன்.

"என்னத்தா கண்ணு இப்பிடிச் செவந்து கெடக்கு?" என்றார் அப்பா.

லென்ஸ் என்றால் அம்மா விளக்குமாற்றைத் தூக்குவாள். மஞ்சள் தண்ணீர் என்றால் ஊற்றியவன் பெயர் வரும். ஏழு வருடம் கழித்து ஒட்டிய உறவு அந்தப் பெயரில் மறுபடி அறுந்துபோகும்.

"சோளத் தோக பட்டுருச்சுப்பா."

பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று நானே நினைக்கவில்லை. அப்பா உடனே நம்பினார். அவர் நான் சொன்ன எதையும் அதுவரை சந்தேகப்பட்டதே இல்லை.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய சொட்டு ஐந்து நாள். அம்மா மிளகாய் சுற்றிப் போட்டதில் அந்தப் புகை வேறு. தேனியில் ஒரு கண் மருத்துவரிடம் போனோம். அவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, கருவிழியில் புண், உடனே மதுரைக்குப் போங்கள் என்றார். கண்ணின் முன்பக்கம் கடிகாரக் கண்ணாடி மாதிரி தெளிவாக மூடியிருப்பதுதான் கருவிழி. அதில் புண் வந்தால் அந்த இடம் வெள்ளையாகிவிடும். ஆறினாலும் தழும்பு நிற்கும். தழும்பு நடுவில் நின்றால் பார்வை போகும்.

பஸ்ஸில் வெயில் என் கண்ணில் ஊசியாகக் குத்தியது. ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டி மதுரை போய்ச் சேரும்வரை அப்பா தன் தோள் துண்டை என் தலைக்கு மேல் கூடாரமாகப் பிடித்துக்கொண்டே வந்தார். கை வலித்தால் மறு கைக்கு மாற்றிக்கொள்வார். இறக்கவே இல்லை.

மருத்துவமனையில் நோயாளியைவிடக் கூட வந்தவர்தான் அதிகம் பேசுவார். எங்கள் விஷயத்திலும் அப்படித்தான். எங்களைப் பார்த்த பெண் மருத்துவர் கேள்வி கேட்கக் கேட்க, அப்பா முந்திக்கொண்டு பதில் சொன்னார்.

"எப்படி ஆரம்பிச்சது?"

"என் தோட்டத்துச் சோளத் தோக அடிச்சிருச்சும்மா. சோறு கொண்டாந்த புள்ள."

"கான்டாக்ட் லென்ஸ் ஏதும் போடுற பழக்கம் உண்டா?"

அப்பா சிரித்தேவிட்டார். "எம்புள்ளைக்குப் பவரே கெடையாதும்மா. கண்ணாடிகூடப் போட்டதில்ல."

மருத்துவர் என்னைப் பார்த்தார். அந்த நேரத்தில் வாயைத் திறந்திருக்கலாம். நான் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, இல்லை என்று தலையை ஆட்டினேன்.

சொட்டு விட்டுக் கண்ணை மரத்துப்போக வைத்து, மெல்லிய கத்தி நுனியால் புண்ணைச் சுரண்டி எடுத்தார்கள். அதைக் கண்ணாடித் துண்டில் தடவி நுண்ணோக்கியில் பார்த்தால் எந்தக் கிருமி என்று தெரியும். வலிக்காது, ஆனால் கத்தி கிட்டே வருவது தெரியும். அதுதான் கொடுமை. முதல் தடவை எதுவும் தெளிவாகச் சிக்கவில்லை. இலை தழை பட்ட கண்ணில் புண் என்றால் எங்கள் பக்கம் பெரும்பாலும் பூஞ்சைதான் காரணமாக இருக்கும். வார்டு முழுக்க நெல் தூசி, கரும்புத் தோகை, மாட்டு வால் பட்டவர்கள்தான். அதனால் எனக்கும் பூஞ்சைக்கான சொட்டு மருந்தே ஆரம்பித்தார்கள். பால் மாதிரி வெள்ளையாக இருக்கும், மணிக்கு ஒரு தடவை விட வேண்டும்.

அந்தச் சொட்டை விட அப்பா முறையாகப் படித்துக்கொண்டார். ஒவ்வொரு தடவையும் மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன விரல்களைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு வருவார். கீழ் இமையை இழுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு சொட்டு. பிறகு கேட்பார்.

"வலிக்குதா தாயி?"

"இல்லப்பா."

அதுவும் பொய்தான். கண்ணுக்குள் யாரோ மணலைக் கொட்டித் தேய்க்கிற மாதிரி வலித்தது. தலையின் அந்தப் பக்கம் முழுக்க வலித்தது. சின்னப் புண்ணுக்கு இத்தனை வலியா என்று நர்ஸே ஆச்சரியப்பட்டார். இது பூஞ்சை இல்லை என்பதற்கு அந்த வலியும் ஓர் அடையாளம் என்று அப்போது எனக்குத் தெரியாது. அழுதால் அப்பா உடைந்துவிடுவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பக்கத்துக் கட்டிலில் ஆண்டிபட்டியிலிருந்து வந்த ஓர் அக்கா, தறி நெய்பவர். தயிர்சோறு கொண்டுவந்தால் எனக்கும் ஓர் உருண்டை உருட்டித் தருவார். ஒரு மத்தியானம் நான் கண்ணைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தேன். தூங்குகிறேன் என்று நினைத்து அப்பா அவரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்கு வந்து சாப்பிட்டிருக்கலாம்மா நானு. தண்ணி பாச்சணும், நீ கொண்டாத்தான்னு சொன்னேன். ஒரு வாச் சோத்துக்கு எம்புள்ள கண்ண வாங்கிட்டேன்."

"அட, நீங்க என்னண்ணே செய்வீக. நேரம்" என்றார் அக்கா.

நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஒரு பொய்யை இரண்டு நாள் வைத்திருந்தால் எடுத்துவிடலாம். பத்து நாள் வைத்திருந்தால் அது வீட்டு ஆள் மாதிரி ஆகிவிடுகிறது.

ஐந்து நாள் கழித்து மருந்தோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். இடையில் அப்பா தோட்டத்துக்கும் போய் வந்தார். எனக்குக் குறையவில்லை. கண் திறக்க முடியாமல், சன்னலுக்குச் சாக்குக் கட்டிய அறையில் கிடந்தேன். மறுபடி மதுரை. மருத்துவர் வெகுநேரம் பார்த்தார். அப்பாவை மருந்துச் சீட்டு வாங்கிவரும்படி வெளியே அனுப்பிவிட்டு, நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"புண்ணைச் சுத்தி வெள்ளையா ஒரு வளையம் வந்திருக்கும்மா. பூஞ்சை இப்படி வளையம் போடுறது குறைவு. தண்ணியில இருக்கிற ஒரு கிருமி இப்படிப் பண்ணும். லென்ஸ் போடுறவங்களுக்குத்தான் அது அதிகம் வரும். நான் யார்கிட்டயும் சொல்லப்போறதில்லை. என்கிட்ட மட்டும் சொல்லு."

சொன்னேன். பேரல், குடம், குழாய், டப்பா, தூக்கம் எல்லாம். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பேனாவை மூடி வைத்துவிட்டு, "மூணு வாரம் வீணாப் போச்சேம்மா" என்று மட்டும் சொன்னார்.

அந்தக் கிருமிக்கு அகந்தமீபா என்று பெயர். ஒரு செல் உயிரி. குழாய், தொட்டி, அருவி, கிணறு என்று எந்தத் தண்ணீரிலும் இருக்கும். நாம் குடித்தாலும் குளித்தாலும் ஒன்றும் செய்யாது. ஆனால் லென்ஸுக்கும் கருவிழிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால், அங்கேயே குடித்தனம் நடத்தும். மருந்து விட்டால் தன்னைச் சுற்றி ஓடு கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் ஒளிந்து கிடக்கும். முதல் வாரத்தில் பிடித்தால் விரட்டலாம். தாமதமானால் ஆழமாகப் போய்விடும்.

"அந்த லென்ஸ் டப்பா இன்னும் இருக்கா?" என்று மருத்துவர் கேட்டார். "தூக்கிப் போட்டுடலையே? அதுல இருக்கிற தண்ணியையும் சோதிக்கணும். அப்படியே திறக்காம கொண்டு வரச் சொல்லு."

கொண்டு வரச் சொல்ல எனக்கு அப்பாவை விட்டால் யார் இருக்கிறார்கள்? மருந்துச் சீட்டோடு திரும்பி வந்தவரை வராந்தா பெஞ்சில் உட்கார வைத்தேன்.

"அப்பா, பீரோவுல என் சேலைக்கு அடியில, கைக்குட்டையில சுத்தி ஒரு சின்ன டப்பா இருக்கு. டாக்டரம்மா கேக்குறாக."

"என்ன டப்பா?"

சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு, நிறுத்தாமல், எல்லாவற்றையும் சொன்னேன். கதிரேசன் பெயரையும் சொன்னேன். அப்பா கேட்டு முடித்துவிட்டு, கையிலிருந்த மருந்துச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அவர் கோபப்படுவார், கை ஓங்குவார் என்றுகூட நினைத்தேன்.

"அப்பத் தோக படலையா?"

"இல்லப்பா."

"படவே இல்லையா?"

"இல்லப்பா."

"நான் சோளத்த அறுத்துப்புட்டேனே தாயி" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. வீட்டுக்கு அனுப்பிய இடைவெளியில் தோட்டத்துக்குப் போனார் என்று சொன்னேன் அல்லவா, அப்போதுதான். பால் பிடித்துக்கொண்டிருந்த கதிர்களோடு ஒன்றரை ஏக்கரையும் தன் கையாலேயே அறுத்து, மாட்டுக்கும் அக்கம்பக்கத்துக்கும் தீவனமாகப் போட்டுவிட்டார். அம்மா தடுத்திருக்கிறாள். "எம்புள்ள கண்ணக் குத்துன பயிரு என் தோட்டத்துல நிக்கக் கூடாது" என்றாராம். என்னிடம் யாரும் சொல்லவில்லை. நோயாளி என்று மறைத்திருக்கிறார்கள். அவர்களும் என்னிடம் மறைத்தார்கள், ஆனால் எதற்காக மறைத்தார்கள் பாருங்கள்.

அப்பா எழுந்து பஸ்ஸுக்குப் போனார். மறுநாள் காலை பத்து மணிக்கு அந்தக் கைக்குட்டைப் பொட்டலத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து நின்றார். முடிச்சை அவிழ்த்துக்கூடப் பார்த்திருக்கவில்லை.

டப்பாத் தண்ணீரிலும் அந்தக் கிருமி இருந்தது. இரண்டாம் முறை சுரண்டியதில் என் கண்ணிலும் இருந்தது. மருந்து மாறியது. இந்த மருந்தை மருத்துவமனையிலேயே கலந்து தந்தார்கள். முதலில் இரவு பகல் பார்க்காமல் மணிக்கு ஒரு சொட்டு, பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு சொட்டு. மூன்று வாரம் உள்ளே இருந்தேன். தறிக்கார அக்கா பார்வை தெளிந்து வீட்டுக்குப் போனார். போகும்போது என் தலையைத் தடவிவிட்டுப் போனார். புதிதாக வந்தவர்களுக்கு, வார்டில் எந்தக் கட்டிலுக்கு வெயில் வராது என்று சொல்லிக்கொடுக்கும் அளவுக்கு நான் பழையவள் ஆனேன்.

கிருமி அடங்கியது. தழும்பு நடுவிலேயே நின்றது. கொதிக்கும் சோற்றுப்பானையின் ஆவி வழியாகப் பார்ப்பதுபோல்தான் அந்தக் கண்ணுக்கு உலகம் தெரிகிறது. கை அசைந்தால் தெரியும். விரலை எண்ண முடியாது. இன்னும் பல மாதம் கண் அமைதியாக இருந்தால், இறந்த ஒருவர் தானம் செய்த கருவிழியை வைத்துத் தைத்துப் பார்க்கலாம் என்கிறார்கள். அதற்கும் உத்தரவாதம் இல்லை. யாரோ ஒருவர் சாவுக்காக நான் காத்திருக்கிறேன் என்று நினைக்கவே கூசுகிறது. ஆனாலும் காத்திருக்கிறேன்.

கடைக்குத் திரும்பிவிட்டேன். நிறம் பார்க்கும் மேசையில் வேறொரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். வாசல் வெளிச்சம் எனக்கு ஆகாது. உள்ளே பில் போடும் இடத்தை முதலாளி எனக்கு ஒதுக்கினார். கருணைதான், தெரியும். கதிரேசன் ஒரு தடவை சாத்துக்குடியோடு வந்து பார்த்தான். தோகையைத் திட்டினான். நான் சாத்துக்குடியை உரித்துக்கொண்டிருந்தேன். "அந்தப் பயகிட்டச் சொல்லாத தாயி. வெளையாட்டுக்கு ஊத்துனவன், சாகுற வரைக்கும் சொமப்பான்" என்று அப்பா ஏற்கெனவே சொல்லியிருந்தார். ஆவணி போய்விட்டது. கண் சரியாகட்டும் என்றார் அத்தை. அதற்குப் பிறகு கல்யாணப் பேச்சை எடுக்கவில்லை.

மருத்துவர் என்னிடம் சொன்னதை நான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அழகுக்குப் போடுவதானாலும் கண் மருத்துவரிடம் அளவு பார்த்து வாங்குங்கள். இன்னொருத்தியுடையதைப் போடாதீர்கள். அதற்கென்று உள்ள திரவத்தைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணீர்கூட லென்ஸில் படக் கூடாது, காய்ச்சி ஆறிய தண்ணீராக இருந்தாலும் சரி, தீர்த்தமாக இருந்தாலும் சரி. குளிக்கும் முன், தூங்கும் முன் கழற்றிவிடுங்கள். கண் சிவந்தால் அன்றே கழற்றி, டப்பாவையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓடுங்கள். ஓடிப்போய் உண்மையைச் சொல்லுங்கள். மற்றதில் எது தவறினாலும் இந்தக் கடைசி ஒன்று தவறாமல் இருந்திருந்தால், எனக்குக் கண் தப்பியிருக்கும்.

ஐப்பசி மழைக்கு அப்பா மறுபடியும் சோளம் போட்டிருக்கிறார். இப்போது இடுப்பளவு நிற்கிறது. எனக்குச் சொட்டு மருந்து ஒரு நாளைக்கு நான்கு வேளை. நானே விட்டுக்கொள்ள முடியும், ஆனாலும் அப்பா சம்மதிக்கமாட்டார். காலையில் தோட்டத்துக்குக் கிளம்பும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்து நிற்பார். கீழ் இமையை இழுத்து ஒரே ஒரு சொட்டு. பிறகு பழையபடியே கேட்பார். குரலில் கோபம் கிடையாது, இருந்ததும் இல்லை. கேள்விக்கு முன்னால் மட்டும் ஒன்று கூடியிருக்கிறது.

"உண்மையச் சொல்லு தாயி. வலிக்குதா?"

இன்று காலை உண்மையிலேயே வலிக்கவில்லை. ஏழு மாதத்தில் முதல் தடவையாக, துளிகூட வலிக்கவில்லை.

"வலிக்கலப்பா" என்றேன்.

அப்பா பாட்டிலை மூடாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு, கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தபடி நின்றார். பிறகு இன்னொரு தடவை கேட்டார்.